பனியன் துணியில் ஒரு ஷூ

காலையில் நம் கடற்கரைச் சாலையில் நடக்க வருகிறவர்களின் முகத்தைவிடக் காலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் உண்டு. முன்பெல்லாம் தோல் ஷூ, கான்வாஸ் ஷூ, ரெக்சின் ஷூ, இல்லாவிட்டால் ரப்பர் செருப்பு. இப்போது பலருடைய காலில் வேறு ஒன்று இருக்கிறது. காலுறையை எடுத்து அப்படியே ஒரு சோலின் மேல் உட்கார வைத்த மாதிரி ஒரு ஷூ. தையல் தெரியவில்லை, தோல் இல்லை, ரெக்சினும் இல்லை. தொட்டுப் பார்த்தால் பனியன் போல நெகிழ்கிறது.

அந்தத் துணியைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். ஷூவைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நம் வயதில் கால்தான் பெரிய விஷயம். அதிலும் சர்க்கரை இருக்கிற வீட்டில், காலில் என்ன போடுகிறோம் என்பது அலங்காரம் சம்பந்தப்பட்டதே இல்லை.

நெய்வதும் பின்னுவதும்

நம் ஊர் மில் ஊர். என் அப்பா ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். செனகலுக்குப் போன ‘கினே’ என்ற நீலத் துணியைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் துணி என்றாலே எங்களுக்கு நெய்த துணிதான். பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். ஊடை குறுக்கே மேலும் கீழுமாக ஓடும். பள்ளிக்கூடத்தில் இதையே ‘ஷேன்’, ‘த்ராம்’ என்று பிரெஞ்சில் படித்தோம்.

பின்னல் என்பது வீட்டில் அக்காவின் வேலை. கன்னியர் மடத்து மசேர் ஒருவர் அவளுக்கு இரண்டு ஊசியும் ஒரு கம்பளி நூல் கண்டும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். ‘மாய் அ லாந்த்ருவா, மாய் அ லான்வேர்’ என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னுவாள். ஒரு கண்ணி முன்பக்கம், ஒரு கண்ணி பின்பக்கம் என்று அர்த்தம். பாண்டிச்சேரி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எதிர் வீட்டு சொல்தா தாத்தா பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையே அந்துருண்டை வாசத்தோடு பெட்டியில்தான் கிடந்தது.

‘மாய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னலின் வளையம் என்று ஒரு பொருள், வலையின் ஓட்டை என்று இன்னொரு பொருள். தமிழில் கண்ணி என்பதும் அப்படித்தான். வலைக்கும் கண்ணி, சங்கிலிக்கும் கண்ணி. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பின்னல் துணி முழுவதும் புரிந்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வேட்டியை இரண்டு கையாலும் நீளவாக்கில் இழுங்கள். அசையாது. அகலவாக்கிலும் அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் கொஞ்சம் இசையும். இப்போது பனியனை இழுங்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும். விட்டால் பழையபடி திரும்பும். காரணம், வேட்டியில் நூல் நேராகக் கிடக்கிறது. பனியனில் நூல் வளைந்து வளைந்து, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாக நுழைந்து நிற்கிறது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. கண்ணிதான் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அகலக் கண்ணி ஒடுங்கி நீளமாகிறது, அவ்வளவுதான்.

அலுவலகப் பாஷையில் சொன்னால், நெய்த துணி விதிப்படி நடக்கிற எழுத்தர். பின்னல் துணியில் விதித் தளர்வுக்கு இடம் உண்டு.

மகாராணி மறுத்த எந்திரம்

கையால் பின்னுவதை எந்திரத்துக்குக் கொண்டுபோனவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர். நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்ட்டன் என்ற சிற்றூர்க்காரர். 1589-இல் காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தார். கையால் பின்னுகிறவர் ஊசியில் ஒவ்வொரு கண்ணியாக எடுப்பார். லீ ஒரு வரிசை முழுவதற்கும் தனித்தனிக் கொக்கி வைத்து, எல்லாக் கண்ணியையும் ஒரே அசைவில் போடவைத்தார். காப்புரிமை கேட்டு முதலாம் எலிசபெத் மகாராணியிடம் போனபோது கிடைக்கவில்லை. கையால் காலுறை பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று ராணி சொன்னதாகக் கதை.

லீ பிரான்சுக்குப் போனார். நான்காம் ஹென்றியின் ஆதரவில் ரூவான் நகரத்தில் தொழில் தொடங்கினார். அந்த ஹென்றியை எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாது. ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பானையில் கோழி வேக வேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா. 1610 மே 14-ஆம் தேதி ரவாயாக் என்பவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்று தேதியோடு ஒப்பிப்போம். ராஜாவோடு லீயின் ஆதரவும் போயிற்று என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. லீ சில ஆண்டுகளில் பாரிசில் இறந்துபோனார். அவருடைய தம்பிதான் எந்திரங்களை இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுபோய்த் தொழிலை நிலைநிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1816-இல் மார்க் ப்ரூனெல் வட்டமாகச் சுற்றிப் பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நார்மண்டியில் பிறந்து இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை போட்ட அதே ப்ரூனெல்தான். குழாய் போலத் துணி வந்தது. பனியனின் உடம்பில் பக்கத் தையல் இல்லாமல் இருக்க முடிவது அந்த வழியில்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்சென்ட், கொக்கிக்கு ஒரு சின்ன நாக்கு வைத்த ஊசியைக் கொண்டுவந்தார். நூல் வரும்போது நாக்கு திறக்கும், கண்ணி கழலும்போது தானே மூடும். இன்றைக்கும் திருப்பூரில் ஓடுகிற எந்திரங்களில் இருப்பது அந்த நாக்கு ஊசிதான். பிரான்சில் த்ருவா என்ற நகரம் பின்னலாடைக்கே பேர்போனது. முதலை படம் போட்ட டென்னிஸ் சட்டை, ரெனே லாகோஸ்த் என்ற ஆட்டக்காரரும் த்ருவா நகரத்து ஆந்த்ரே ஜில்லியேயும் 1933-இல் சேர்ந்து தொடங்கியது. அதுவும் பின்னல் துணிதான்.

ரஷேல் அம்மையாரின் பெயர்

பின்னலில் இரண்டு சாதி உண்டு. ஒரே நூல் குறுக்கே ஓடி வரிசையாகக் கண்ணி போடுவது ஊடைப் பின்னல். அக்கா பின்னியதும் பனியனும் காலுறையும் இந்த வகை. இதில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி கீழே வரைக்கும் விட்டுக்கொண்டே போகும். இன்னொன்று பாவுப் பின்னல். இதில் தறியில் இருப்பதுபோல நூற்றுக்கணக்கான நூல்கள் பாவு உருளையிலிருந்து வரும். ஒவ்வொரு நூலும் பக்கத்து ஊசிக்குத் தாவித் தாவி, கோணல்மாணலாகக் கண்ணி போட்டுக்கொண்டே இறங்கும். அறுந்தாலும் எளிதில் பிரியாது. கடையில் வாங்குகிற நைலான், பாலியஸ்டர் கொசுவலை பெரும்பாலும் இந்த வகை.

இதைப் பின்னும் எந்திரத்தில் ஒரு வகைக்கு ‘ராஷல்’ என்று பெயர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரெஞ்சு நாடக நடிகை ரஷேல். 1821-இல் பிறந்து 1858-இல் மறைந்தவர். தெருவில் பாடிப் பிழைத்த ஏழை வியாபாரக் குடும்பத்துப் பெண், பாரிசில் கொமேதி பிரான்சேஸ் அரங்கில் ராசீனின் ‘ஃபேத்ர்’ நாடகத்தில் நடித்து ஐரோப்பாவையே கலக்கினார். ஜெர்மனிக்காரர்கள் அவர் பெயரைத் தங்கள் எந்திரத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். ராசீனை மனப்பாடம் செய்யச் சொல்லி எங்களை வதைத்த முசே யாராவது, ‘இந்த அம்மாள் பெயரில்தான் கொசுவலை எந்திரம் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால், வகுப்பு இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்கும்.

இந்தப் பாவுப் பின்னலை நான் உடம்புக்குள்ளேயே சுமக்கிறேன். சில வருடங்களுக்கு முன் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. உள்ளே வலை வைத்துத் தைக்கப்போகிறோம் என்று சொல்லி, மருத்துவர் ஒரு துண்டைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, கொசுவலையிலிருந்து கத்தரித்ததுபோல இருந்தது. அது பாலிபுரொப்பிலீன் இழையில் போட்ட பாவுப் பின்னல். கண்ணியின் ஓட்டைகள் வழியாக நம் தசை வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நாம் இருமும்போதும் குனியும்போதும் அதுவும் சேர்ந்து இசையும்.

கொசுவலை என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விலை கூடிய வலையை வாங்க முடியாத நோயாளிகளுக்காக, மகாராஷ்டிரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் தோங்காவ்கர் கொசுவலைத் துணியையே முறைப்படி கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தி, அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களுக்கு, பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை என்று வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016-இல் முடிவு வெளியானது. நாம் குறட்டை விட்டுத் தூங்குகிற வலைக்குள் இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது.

ஷூவுக்குள் நுழைந்த பின்னல்

ஷூவுக்கு வருவோம். வழக்கமான விளையாட்டு ஷூவின் மேல்பாகம் பல துண்டுகளால் ஆனது. தோல், ரெக்சின், துணி, ஃபோம் எல்லாவற்றையும் அச்சு வைத்து வெட்டி, ஒட்டி, தைத்துச் சேர்க்க வேண்டும். வெட்டியது போக மீதி குப்பை. துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் உள்பக்கம் ஒரு தையல் மேடு நிற்கும். வாலிபக் காலுக்கு அது தெரியாது.

2012-இல், லண்டன் ஒலிம்பிக்சுக்குச் சில மாதங்களுக்கு முன், நைக்கி கம்பெனி ‘ஃப்ளைநிட்’ என்ற பெயரில் மேல்பாகம் முழுவதையும் பின்னியே செய்த ஓட்ட ஷூவை வெளியிட்டது. அந்த மேல்பாகத்தின் எடை 34 கிராம். ஒரு ஷூவின் மொத்த எடை 160 கிராம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் அடிடாசும் ‘ப்ரைம்நிட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. யார் முதலில் என்று இரண்டு பேரும் நீதிமன்றம் ஏறி, பத்து வருடம் கழித்து 2022-இல்தான் சமாதானமானார்கள். சிவில் வழக்கு எங்கே நடந்தாலும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது.

இதைச் சாத்தியமாக்கியது தட்டைப் பின்னல் எந்திரம். இரண்டு ஊசிப் படுக்கைகள் ஓட்டு வீட்டுக் கூரை போலச் சாய்ந்து எதிரெதிரே நிற்கும். நூலைத் தாங்கிய வண்டி மேலே இப்படியும் அப்படியும் ஓடும். எந்த ஊசி எழ வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊசிக்கும் கணிப்பொறி தனித்தனியே கட்டளை கொடுக்கும். 1873-இல் தொடங்கிய ஜெர்மனியின் ஸ்டோல், ஜப்பானில் வக்காயாமா நகரத்து ஷிமா செய்க்கி இரண்டும் இந்த எந்திரங்களில் பெரிய பெயர்கள். ஷிமா செய்க்கி கையுறை பின்னும் எந்திரத்தில் ஆரம்பித்த கம்பெனி. ஐந்து விரலையும் தையல் இல்லாமல் பின்னத் தெரிந்தவர்கள், 1995-இல் முழுச் சட்டையையே தையல் இல்லாமல் பின்னிக் காட்டினார்கள். கையுறை பின்னத் தெரிந்தவனுக்குக் காலுக்குப் பின்னுவது எவ்வளவு தூரம்?

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், ஒரே துணியில் இடத்துக்கு இடம் குணத்தை மாற்றலாம். விரல் பக்கம் நெகிழ்வாக, மேலே காற்று போக ஓட்டையோடு, கயிறு கட்டுகிற இடத்தில் நெருக்கமாகப் பின்னலாம். குதிகால் பக்கம் விறைப்பு வேண்டுமென்றால், சூட்டில் உருகும் ஒரு நூலைச் சேர்த்துப் பின்னிவிட்டு, பிறகு சூடு காட்டினால் அந்த இடம் மட்டும் இறுகிவிடும். வெட்டுவதற்கு அதிகம் இல்லை. உள்ளே தையல் மேடும் இல்லை.

நடுவில் நிற்கும் நூல்கள்

இன்னொரு புதுமை ஷூவின் உள்ளே, கணுக்காலைத் தொடுகிற மெத்தையிலும் நாக்குப் பட்டையிலும் இருக்கும். கடைக்காரர்கள் மெஷ் என்று சொல்வார்கள். நெருங்கிப் பார்த்தால் அது ஒரு துணி இல்லை, இரண்டு துணி. இரண்டுக்கும் நடுவே தூண்டில் நரம்பு போன்ற விறைப்பான இழைகள் ஆயிரக்கணக்கில் தூண்களாக நின்று, இரண்டையும் ஒட்டவிடாமல் பிடித்திருக்கும். இதற்கு ஸ்பேசர் துணி என்று பெயர். இடைவெளித் துணி என்று நாம் சொல்லலாம். இரண்டு ஊசி வரிசை உள்ள ராஷல் எந்திரத்தில், இரண்டு பக்கத்தையும் நடுத் தூண்களையும் ஒரே நேரத்தில் பின்னி எடுக்கிறார்கள். பிறகு சேர்த்துத் தைத்ததோ ஒட்டியதோ அல்ல.

ஃபோம் அமுங்கும், ஆனால் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். இடைவெளித் துணியில் அமுங்கும்போது காற்று வெளியே போகும், விட்டால் உள்ளே வரும். அடிக்கு அடி ஒரு விசிறி. துவைத்தால் சீக்கிரம் காயும். அதனால்தான் பைக் சீட் உறை, பள்ளிப் பையின் தோள்பட்டை, கார் இருக்கை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் போடும் விரிப்பு என்று பல இடத்தில் இது வந்துவிட்டது. இங்கிலாந்தில் இதன் இடைவெளியில் சிமெண்டுத் தூளை நிரப்பி, பாய் போலச் சுருட்டி விற்கிறார்கள். வாய்க்காலில் விரித்துத் தண்ணீர் தெளித்தால் கெட்டியாகிவிடும்.

என் மனைவியின் இரண்டாவது விரல்

என் மனைவிக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. வலது காலில் இரண்டாவது விரல் மெல்ல மெல்ல வளைந்து, கணு மேலே தூக்கிக்கொண்டது. பாதத்தில் உணர்ச்சியும் குறைந்துவிட்டது. நடைக்கென்று ஒரு ஷூ வாங்கினோம், நல்ல விலையில். அதன் உள்பக்கத் தையல் மேடு அந்த விரல் கணுவில் தினமும் உரசியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் காலுறையைக் கழற்றும்போது ரத்தக் கறை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. நாள் விட்டு நாள் ஆட்டோவில் போய்க் கட்டு மாற்றினோம். விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று மருத்துவர் ஒருமுறை சொன்ன அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை. விரல் பிழைத்தது.

“அம்மா, உங்க கால் இனிமே உங்களுக்கு எதையும் சொல்லாது. கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்,” என்றார் மருத்துவர்.

இதை முதலில் உலகத்துக்குச் சொன்னது நம் பக்கத்து வேலூரில்தான். 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது. நம் ஊரில் எல்லோரும் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்கிறோமே, நுண்துளை ரப்பர் போட்டது, அது உணர்ச்சியற்ற பாதங்களுக்காக அவரும் அவரோடு இருந்தவர்களும் செய்த வேலையின் தொடர்ச்சி. பாதத்தின் அடிப்பக்கத்துக்கு அவர்கள் வழி கண்டார்கள். மேல்பக்கத்துக்கு, வளைந்த விரலுக்கு, இடித்துக்கொண்டு நிற்காமல் விட்டுக்கொடுக்கிற துணி இப்போதுதான் வந்திருக்கிறது.

மகன் துலூசிலிருந்து வரும்போது பின்னல் ஷூ ஒன்று வாங்கி வந்தான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, பனியன் துணியில போய் ஷூ செய்வாங்களா? முள்ளு குத்துனா என்னா ஆவும்?”

“அப்பா, முதல்ல உள்ள கையை விட்டுப் பாருங்க,” என்றான் மகன். விட்டுப் பார்த்தேன். விரல் நுனிக்கு ஒரு மேடும் தட்டவில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். உள்ளே இருந்த மெல்லிய அட்டையை எடுத்துவிட்டு எம்.சி.ஆர். அட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இரண்டு வருடம் ஆகிறது. அந்த விரல் கணுவில் இதுவரை புண் இல்லை. ஷூ மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். தினமும் இரவில் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார்க்கிற பழக்கமும் காரணம்.

அவள் கேட்ட முள் கேள்வி நியாயமானதுதான். நெருஞ்சி முள் இந்தத் துணியில் பக்கவாட்டில் ஏறும். கடற்கரை மணல் கண்ணி வழியாக உள்ளே போகும். மழையில் தாங்காது. துணி ரொம்பவும் நெகிழ்ந்தால் கால் உள்ளேயே வழுக்கி ஆடும். அதுவும் புண்ணுக்கு வழி. விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்து, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பதுதான் நல்ல ஷூ.

தெருமுனைக் கடை

எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த தெருக்காரர் ஒருவரின் ஷூவில் பக்கத்தில் சின்னக் கிழிசல், தைத்துக் கொடுக்கச் சொன்னார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஊசி போட்டா இழை விட்டுரும் சார். எனக்கு இதுல வேலை இல்ல,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எலிசபெத் ராணி பயந்தது இதைத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ மேல்பாகம் தைத்துக் குடும்பம் நடத்துகிற பெண்கள் ஏராளம். தையலே இல்லாத மேல்பாகம் அவர்களுக்கு நல்ல செய்தி அல்ல. மறுபுறம், செய்யாறு சிப்காட்டில் பன்னாட்டு விளையாட்டு ஷூ தயாரிப்பு பல வருடமாக நடக்கிறது. அங்கேயும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தறி ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைந்த நம் ஊரில் ரோடியர் மில் 2020-இல் மூடப்பட்டது. ஒரு தொழில் போய் இன்னொன்று வருகிறது என்று எழுதுவது எளிது. போனவனும் வந்தவனும் ஒரே ஆளாக இருப்பதில்லை என்பதை மில் தொழிலாளியின் மகனாகச் சொல்லிவைக்கிறேன்.

கடைக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கும் விதிகளைக் கோப்பில் குறிப்பு எழுதுகிற பழக்கத்தில் வரிசையாகத் தருகிறேன்.

1. ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவுதான் சரியான அளவு.

2. போட்டுப் பார்ப்பதற்கு முன் உள்ளே கையை விட்டு, எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். தையல் மேடு தட்டினால் எவ்வளவு பேர்போன கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

3. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். எழுந்து நின்று பாருங்கள், உட்கார்ந்துகொண்டு அல்ல.

4. பின்னல் துணியாக இருந்தாலும் குதிகால் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். அழுத்திப் பார்த்தால் மடங்கக் கூடாது.

5. வெளிர் நிறக் காலுறை போடுங்கள். கறுப்புக் காலுறையில் ரத்தம் தெரியாது. மேல்விளிம்பு இறுக்கிப் பிடிக்காததாக இருக்கட்டும்.

6. ஒவ்வொரு முறை போடும் முன்னும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கல், குண்டூசி, பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாம் எங்கள் ஷூவிலிருந்து விழுந்திருக்கிறது.

7. சர்க்கரை உள்ளவர்கள் ஷூவைப் பார்த்து முடிவு செய்யாமல், காலை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே புண் வந்த காலுக்கு, அளவெடுத்துச் செய்த காலணியே தேவைப்படலாம்.

வெரிகோசுக்கும் கால் வீக்கத்துக்கும் போடுகிற நீளக் காலுறையும் இதே பின்னல் வித்தைதான். கணுக்காலில் இறுக்கமும் மேலே போகப் போகத் தளர்வுமாக, கண்ணி கண்ணியாகக் கணக்குப் போட்டுப் பின்னுகிறார்கள். யானைக்கால் நோயை நேரில் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று இரவு படுக்கப் போகும் முன், விளக்கு வெளிச்சத்தில் உங்கள் இரண்டு பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.